யாராவது சொல்லியிருப்பார்கள்

சின்னவள் மடிக்கணினியைப் படாரென்று மூடியதோடு போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். சார்ஜர் கேட்டுக் கதவைத் திறந்த அத்தான், "என்ன டாக்டரம்மா, திருட்டுத்தனமா சினிமாவா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவளும் சிரித்து வைத்தாள்.

திரையில் இருந்தது சினிமா இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அவள் பேசவேண்டிய பேச்சு. அதில் ஒரு குழந்தையின் கதை வந்தது. அந்தக் குழந்தை அப்போது அடுத்த அறையில் தலையணையைக் கீழே தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னவள் குழந்தைகளின் கிட்னி டாக்டர். முழுசாக இல்லை, முக்கால் டாக்டர் என்பார் அத்தான். குழந்தை வைத்தியம் படித்து முடித்துவிட்டு, அதற்கும் மேலே ஒரே ஓர் உறுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இன்னும் சில வருஷம் படிக்கிறவர்களுக்கு ஃபெல்லோ என்று பெயர். இவள் பிடித்தது கிட்னி. தங்கியிருப்பது அக்கா வீட்டில். டிக்கெட் எடுத்துக் கொடுத்து அவளை இந்த ஊருக்கு வரவழைத்ததே அக்காதான்.

அக்காவுக்கு ஒரே மகள், பட்டாணி. ஈரலில் கட்டி வந்து, சின்னவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே படுத்து, எழுந்து, முடி திரும்ப முளைத்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கண்டம் தாண்டிவிட்டது என்று வீடே மூச்சு விட்டிருந்தது.

இனி, கூட்டம் நடந்த அந்த நாள்.

"பட்டாணி! ஷூவைப் போடு!"

அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். அடுப்புக்கு மேலே புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கூடத்துத் தரையில் பட்டாணி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கலர் பென்சிலால் ஒரு யானைக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், உன்னத்தான்! ஷூ!"

யானையின் காது நீலமானது.

"பாத்தியாடி இவ பண்றத? கூப்பிடறது காதுல விழாத மாதிரியே உக்காந்திருக்கா. கல்லுளிமங்கி." அக்கா கரண்டியோடு சமையலறை வாசல்வரை வந்து சின்னவளிடம் முறையிட்டாள். "இப்பப் பாரு. ஏங்க, நீங்க கூப்பிடுங்க."

அத்தானுக்கு அண்டாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். சவரம் செய்துகொண்டிருந்த இடத்திலிருந்தே, "பட்டாணிம்மா" என்றார். ஒரே தடவை.

பட்டாணி பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"பாத்தியா? அப்பான்னா பறக்குது. நான் இந்த வீட்டுக்கு வேண்டாதவ." அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் கரண்டியைத் தொட்டியில் போட்ட சத்தம் சிரிக்கிற சத்தமாக இல்லை.

சின்னவள் காபியைக் குடித்தாள். ஆறாத காபி. நாக்கு வெந்தது. வேகட்டும் என்று இன்னொரு வாய் குடித்தாள்.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும்.

ஈரல் கட்டியைக் கரைத்த மருந்து, போகிற போக்கில் பட்டாணியின் காதுக்குள்ளும் கை வைத்துவிட்டுப் போயிருந்தது. இரண்டு காதிலும். தடித்த சத்தம் கேட்கும். லாரி கேட்கும், அப்பா குரல் கேட்கும். மெல்லிய சத்தம் கேட்காது. பின்னாலிருந்து, விசிறிச் சத்தத்துக்கு நடுவே, ஒரு பெண்குரல் கூப்பிட்டால் அது வெறும் காற்று. போனது போனதுதான், திரும்ப வராது. காதில் கருவி மாட்டினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் யாராவது வாயைத் திறந்து சொல்லவேண்டும்.

அந்த மருந்து கிட்னியையும் பதம் பார்க்கும் என்பதால், பட்டாணியின் பரிசோதனை முடிவுகள் எல்லாப் பிரிவுக்கும் சுற்றுக்கு வந்தன. பள்ளி திறப்பதற்கு முன்பே காதின் முடிவும் வந்தது. சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. நல்ல விதி. சின்னவள் அந்த விதிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். காது டாக்டர் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் கேன்சர் டாக்டர் சொல்லியிருப்பார். யாராவது சொல்லியிருப்பார்கள்.

யாரும் சொல்லவில்லை என்பது அவளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. அதற்குள் தாமதமாகிவிட்டது போல ஒரு கூச்சம். 'ஏன் அப்பவே சொல்லல' என்று அக்கா கேட்பாளே. அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு நாள் தள்ளினாள். ஒரு நாள் தள்ளியதற்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டுமே என்று அடுத்த நாளும் தள்ளினாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

கூட்ட அறையில் ஏசி பல்லைக் கிட்டவைத்தது. நீள மேஜை. சுற்றிலும் இதயம், மூச்சு, மூளை, ரத்தம், காது என்று ஆளுக்கோர் உறுப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள்.

விஷயம் இதுதான். அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிரிவும் தன் ஃபெல்லோக்களுக்குத் தனித்தனியாக அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது. இதயக்காரர்கள் படித்தது மூச்சுக்காரர்களுக்குத் தெரியாது. எந்த உறுப்பைப் பிடித்தாலும் குழந்தை டாக்டருக்கு வேண்டிய சில பாடங்களையாவது எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று ஒரு பொதுப் பாடத்திட்டம் போட முடிவானது. ஆராய்ச்சி செய்வது, ஜூனியர்களுக்குச் சொல்லித்தருவது, தப்பு நடந்தால் மூடி மறைக்காமல் பேசுவது என்று ஒவ்வொன்றாக முந்தைய கூட்டங்களில் சண்டை போட்டுச் சேர்த்திருந்தார்கள். சண்டை எதற்கு? பொதுப்பாடத்துக்கு வேண்டிய நேரத்தை ஒவ்வொரு பிரிவும் தன் சொந்த வகுப்பிலிருந்து வெட்டிக் கொடுக்கவேண்டும். வரப்பை நகர்த்துகிற வேலை அது. விடுவார்களா?

கடைசியாக மிஞ்சியது சின்னவள் கொடுத்த பாடம். பல பிரிவு சேர்ந்து பார்க்கிற குழந்தைக்கு ஒரு கெட்ட சேதி வந்தால், பெற்றவர்களிடம் அதை யார் சொல்வது?

"இதுக்கு ஒரு வகுப்பா?" என்றார் இதயப் பிரிவின் தலைவர். ஃபெல்லோக்கள் அவருக்கு வைத்த பெயர் லப்டப் சார். "எங்க பசங்களுக்கு இதயத்தை ஸ்கேன்ல பாக்கற எக்கோ பழகவே நேரம் பத்தல. வாய் இருக்கறவன் சொல்லிட்டுப் போறான். இத ஒரு பாடம்னு..."

"வாய் எல்லாருக்கும் இருக்கு சார். அதான் பிரச்சினையே," என்றார் தலைமை நாற்காலியில் இருந்த அம்மாள். பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைவி. தொட்டில் மேடம். "நீ சொல்லும்மா."

சின்னவள் எழுந்தாள். யாரென்று தெரியாமலிருக்கப் பேச்சில் பெண்ணைப் பையனாக்கியிருந்தாள். ஈரலை எடுத்துவிட்டு 'ஒரு கட்டி' என்று வைத்திருந்தாள்.

"ஒரு பையன் மேடம். மருந்துல காது போயிடுச்சு. காதுப் பிரிவு ரிசல்ட்ட அனுப்பிட்டாங்க, அதோட அவங்க வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சாங்க. கட்டிக்கு வைத்தியம் பாத்தவங்க, காதுக்காரங்க சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சாங்க. எங்க பிரிவுக்கும் ரிசல்ட் வந்துது. நாங்க... இது நம்ம உறுப்பு இல்லன்னு விட்டுட்டோம்."

மேஜையில் யாரோ பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"அந்தம்மாவுக்கு எதுவும் தெரியாது. கூப்பிட்டா திரும்பலன்னு பையனத் திட்டறாங்க. அப்பா குரல் கனமா இருக்கும், அது கேக்கும். அதனால அப்பா கூப்பிட்டா ஓடறான். அந்தம்மா என்ன நெனச்சுக்கிட்டாங்கன்னா, பிள்ளைக்குத் தன்னப் பிடிக்கலன்னு..."

வரியைப் பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். கூட்டம் அதை நல்ல பேச்சின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. காதுப் பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமலே மறுபடி மாட்டினார்.

"பூனைக்கு யாரு மணி கட்டறதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு இருந்திருக்கோம்," என்றார் லப்டப் சார் மெதுவாக. எதிரில் கிடந்த அட்டவணையைப் பக்கத்தில் இழுத்தார். "எக்கோ வகுப்புல ரெண்டு மணி நேரம் எடுத்துக்கோங்க. குடுத்துட்டேன்."

அவரே கொடுத்தபிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மூச்சு கொடுத்தது. மூளை கொடுத்தது. பாடம் தேறிவிட்டது.

அப்போதுதான் லப்டப் சார் கேட்டார்.

"ஏம்மா, அந்தக் குடும்பத்துக்கு இப்பவாவது யாராவது சொன்னாங்களா?"

கைதட்டத் தயாராக இருந்த அறை அப்படியே நின்றது.

"சொல்லியாச்சு சார்."

அவள் வாய்தான் சொன்னது. காது மடல் இரண்டும் நெருப்பாகச் சுட்டன.

"நல்லது," என்றார் அவர். உண்மையிலேயே ஆறுதலாகச் சொன்னார். அதுதான் அவளைக் கொன்றது.

"அப்போ ஒண்ணு செய்," என்றார் தொட்டில் மேடம். "முதல் வகுப்ப நீயே எடு. அந்தம்மாவக் கேட்டுப் பாரு, சம்மதம்னா அவங்களையே கூட்டிட்டு வா. நாம சொல்றதவிட அவங்க வாயால கேட்டா இந்தப் பசங்களுக்கு மறக்காது."

எல்லோரும் தலையாட்டினார்கள். சின்னவளும் ஆட்டினாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று வீட்டில் யாரையோ கேலி செய்வார்களே, அது தன் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பது போல இருந்தது அவளுக்கு.

படிக்கட்டில் நெட்டை வழிமறித்தான். கேன்சர் பிரிவு ஃபெல்லோ. சேர்ந்த நாளிலிருந்து சின்னவளோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவன்.

"பையனாம் பையன். பட்டாணிதான அது?"

அவள் அவனைத் தாண்டி இறங்கப் பார்த்தாள்.

"சொல்லியாச்சுன்னு சொன்னியே. யாரு சொன்னா?"

சின்னவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"அடிப்பாவி." அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "நீ சொல்லியிருப்பேன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம். அவங்க வீட்லயே டாக்டர் இருக்கு, நாம போயி அந்தம்மாவ எதுக்குப் பயமுறுத்தணும்னு எங்க சார் சொன்னாரு. நானும் ஆமாம் போட்டேன். நீ வீட்ல பதமா எடுத்துச் சொல்லுவேன்னு..."

"விதி இருக்குல்ல. சொந்தத்துக்கு நாம பாக்கக் கூடாதுன்னு."

"வைத்தியம் பாக்கக் கூடாதுன்னுதான் விதி. வாயத் திறக்கக் கூடாதுன்னா இருக்கு?" சொன்ன பிறகு அவனுக்கே கஷ்டமாகிவிட்டது. குரலைத் தழைத்தான். "காதுப் பிரிவுல இருந்து உங்க வீட்டு நம்பருக்குப் போன் பண்ணாங்களாம். எடுத்தவரு, எங்க வீட்லயே டாக்டர் இருக்காங்க, எதுனாலும் அவங்ககிட்ட சொல்லிடுங்கன்னு வெச்சுட்டாராம். கனத்த குரல்னாங்க."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு எதுவும் தெரியாது, தாயே," என்று நெட்டை கையை உயர்த்தினான். "நீ முதல்ல வீட்டுக்குப் போ. உன் வார்டை நான் பாத்துக்கறேன். போ."

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. அந்த வெயிலிலேயே வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது.

பட்டாணி கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். பள்ளி உடுப்பு மாற்றவில்லை. ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து, சுவரில் இருந்த பெயின்ட் கொப்புளத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் முழுசாகத் திறந்திருந்தது.

"என்னடி இது, அதிசயமா இந்நேரத்துக்கு வந்திருக்க?"

"அவ ஏன்க்கா நிக்கறா?"

"டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க. கிளாஸ்ல சொன்னத எதுவும் கேக்கறதில்லையாம், பக்கத்துப் பிள்ளையப் பாத்து எழுதறாளாம். மானமே போச்சு. வந்ததும் போயி நில்லுன்னேன்." அக்கா தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "கொஞ்ச நேரத்துல எனக்கே மனசு கேக்கல. போதும் வான்னு எப்பவோ சொல்லிட்டேன். ரெண்டு தடவ சொல்லிட்டேன். வரமாட்டேங்குது. என்ன வீம்பு பாரு. நிக்கட்டும்."

சின்னவள் சுவரோரம் நின்றவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சமையலறை ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கெட்ட சேதி சொல்வதற்கென்று காலையில் கூட்டத்தில் திரையில் காட்டிய படிகள் நினைவுக்கு வந்தன. முதலில் உட்காருங்கள். அவர்களையும் உட்காரவையுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள். என்ன அழகாகச் சொன்னாள்!

"க்கா. குழாய மூடிட்டு உக்காரேன்."

"யாருக்கு என்ன?" அக்காவின் கை உடனே நின்றது. ஆஸ்பத்திரியைப் பார்த்த அம்மாக்களுக்கு அந்தத் தொனி தெரியும். "ரத்தத்துல ஏதாவது வந்துருச்சா? திரும்ப வந்துருச்சா?"

"இல்ல. இல்லக்கா. சத்தியமா கட்டி இல்ல." அவளே எழுந்து குழாயை மூடினாள். "பட்டாணி ஏன் நீ கூப்பிட்டா வரமாட்டேங்கறான்னு நீ நெனக்கற?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"தெரிஞ்சதுதான," என்றாள். "அவளுக்கு என்மேல கோவம். ஒவ்வொரு ஊசிக்கும் அவ கையக் காலப் பிடிச்சது யாரு? நான்தான. அவ அப்பா வெளிய போயி நின்னுக்குவாரு. அம்மா விடும்மா விடும்மான்னு கத்துவா. விட்டேனா? அது மனசுல இருக்கும்ல. பெரியவளானா மறந்துருவான்னு நானும்..."

காலையில் மேஜையில் 'பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வரிக்குள் ஊசியும் கையும் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"கோவம் இல்லக்கா," என்றாள். படிகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "அவளுக்குக் கேக்கல. அந்த மருந்துல காது போயிருக்கு. உன் குரல் தூரத்துல இருந்து அவளுக்குக் கேக்காது. அப்பா குரல் கேக்கும். அவ்ளோதான். அவ உன்மேல கோவமா இல்ல. அவளுக்குக் கேக்கலக்கா."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஒரு நொடி, மெய்யான சிரிப்பு. "கோவம் இல்லையா?" என்றாள். அந்தச் சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே மிச்சமும் உள்ளே இறங்கியது. முகம் துணியைப் பிழிவது போல மாறியது.

எழுந்து கூடத்துக்குப் போனாள். பட்டாணியின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நின்றாள்.

"பட்டாணி," என்றாள். தினமும் கூப்பிடுகிற குரல். "போதும், வாடா கண்ணு."

விரல் பெயின்ட் கொப்புளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அக்கா சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். சுவருக்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் மண்டியிட்டுத் தன்னைத் திணித்துக்கொண்டாள். முகத்துக்கு நேரே முகம் வந்ததும் பட்டாணி திடுக்கிட்டு, பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"நான் வரலாமாம்மா? கால் வலிக்குது."

அக்கா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தத் தோளுக்கு மேலாகத்தான் தங்கையைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

இன்னொரு தரம் பொய் சொல்லலாம். இன்றைக்குத்தான் வந்தது என்று சொன்னால் அக்கா நம்புவாள். அவள் எப்போதும் இவளை நம்புகிறவள்.

"ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடியே."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"காலையில நான் அவளத் திட்டறப்போ நீ அங்கதான உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்த?"

"ஆமாக்கா."

"ம்."

அந்த 'ம்' என்ற ஓரெழுத்து கூடத்தில் அப்படியே கிடந்தது. சின்னவள் அதைத் தாண்டிப் போக வழி தெரியாமல் நின்றாள். பட்டாணிக்கு எதுவும் புரியவில்லை. அம்மாவின் ஈரக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் குடை உதறும் சத்தம். "என்ன, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு?" என்று அந்தக் கனத்த குரல் உள்ளே வந்தது. அம்மாவின் தோளில் புதைந்திருந்த பட்டாணி உடனே தலையைத் தூக்கினாள்.

அக்கா அதைப் பார்த்தாள். பிள்ளையின் காதின் மேல் கையைப் பொத்தி வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க. பட்டாணிக்குக் காது கேக்கலன்னு ஆஸ்பத்திரியில இருந்து உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

அத்தானின் கையில் குடை பாதி மூடியபடியே நின்றது. சொட்டுச் சொட்டாகத் தரையில் தண்ணீர் விழுந்தது. அவர் அக்காவைப் பார்க்கவில்லை.

சின்னவளைப் பார்த்தார்.